மருமகன்களுக்கு ஒரு தம்ளர் ரசம்

ஆண்டுத் திட்டம் போட உட்கார்ந்த அந்த மாலையில், முதல் காபி ஆறுவதற்குள் பன்னிரண்டு மாதங்களில் ஆறு காணாமல் போய்விட்டன.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு மூன்றாவது மாடி வீடு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி. பொங்கல் கழிந்த வாரம். ஜன்னலுக்கு வெளியே குளிர்காலப் புகை, எங்கேயும் போகப் பிடிக்காமல் தெருவிளக்குகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. உள்ளே ஜமக்காளம். அதன்மேல், பழைய மாதக் காலண்டரின் பன்னிரண்டு தாள்களைப் பின்பக்கம் திருப்பி ஒட்டிய நீளமான வெள்ளை. அதுதான் எங்கள் ஆண்டு. சிவப்புப் பென்சில் என் கையில் இருந்தது. எனக்கு எழுத வரும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் எழுதுவது, அடிப்பது, திரும்ப எழுதுவது எல்லாம் என் தலையில்.

அந்த வீட்டுக்காரரை நாங்கள் மாமி என்றே கூப்பிட்டோம். கணவருக்குத் துறைமுகத்தில் பெரிய வேலை. மாமி ஒரு குரல் கொடுத்தால் ஹூக்ளியில் கப்பல் நின்றுவிடும் என்பது எங்களுக்குள் ஓடிய கேலி. கேலிதான், ஆனாலும் அவர் எதிரில் யாரும் சொன்னதில்லை.

நாங்கள் பணம் சேர்த்தது ஒரு குழந்தைகள் காப்பகத்துக்காக. ஜாதவ்பூரில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில், யாரோ கார் வாங்கும் கனவில் கட்டி, கார் வாங்காமலே விட்ட ஒரு ஷெட். அதில் முப்பது குழந்தைகள். வீட்டுவேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகள். காலையில் விட்டுவிட்டுப் போவார்கள், மாலையில் வந்து தூக்கிக்கொள்வார்கள். நடுவில் சோறும் பருப்பும், வாரத்துக்கு இரண்டு முட்டையும், வரிசையாய்ப் பாயில் ஒரு தூக்கமும். அதை ஆரம்பித்து நடத்தியவர் ஒரு வங்காளிப் பெண்மணி. கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஒல்லி, எப்போதும் பருத்திப் புடவை, எப்போதும் அவசரம். குழந்தைகளைப் போலவே நாங்களும் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்றோம். அவர் நடத்துவார், நாங்கள் சேர்ப்போம். நாங்கள் என்றால் ஏழெட்டுத் தமிழ்ப் பெண்கள். கணவர்களின் மாற்றல் உத்தரவுகளோடு அந்த ஊருக்கு வந்து இறங்கியவர்கள்.

ஒவ்வொரு ஆண்டும் ஒரே கதைதான். குளிர்காலத்தில் கொல்கத்தா கொடுக்கும். சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு கொடுக்கும். கோடையில் கை சுருங்கும். மழை வரும்போது காப்பகத்தில் அரிசி இருக்காது, தீதி பூட்டிவிடுவார். ஆறு வாரம், ஏழு வாரம். துர்கா பூஜைக்கு முன் யாராவது மனமிரங்கினால் மறுபடியும் திறக்கும்.

பூட்டியிருக்கும் அந்த வாரங்களில் குழந்தைகள் எங்கே போவார்கள் என்று நான் கேட்டதில்லை. முந்தைய மழைக்காலத்தில் எனக்குத் தெரியவந்தது. என் வீட்டில் வேலை செய்த பெண்ணுக்கு நாலு வயதில் ஒரு மகள். காப்பகம் பூட்டியதும், குழந்தையை அறைக்குள் கட்டில்மேல் உட்காரவைத்து, கையில் ஒரு கிண்ணம் பொரியைக் கொடுத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேலைக்கு வந்திருக்கிறாள். ஒருநாள் மழை விடாமல் பெய்தது. சந்தில் தண்ணீர், பிறகு அறைக்குள் தண்ணீர். சாயங்காலம் இவள் போய்த் திறந்தபோது கட்டிலின் பாதிக் கால்வரை ஏறியிருந்தது. குழந்தை அழவில்லை. பொரியையும் தின்னவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இதை அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு, "பௌதி, வர்ற வருஷம் மூட மாட்டீங்கதானே?" என்றாள்.

பௌதி என்றால் அண்ணி. அவள் வாயால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெரிய குடும்பம் வந்து சேர்ந்தமாதிரி இருக்கும். அன்று அது சுமையாக இருந்தது. மூட மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அதனால்தான் அந்த ஜமக்காளம், அந்த வெள்ளைத்தாள், அந்தச் சிவப்புப் பென்சில். வருஷம் முழுவதற்கும் முன்னாலேயே திட்டம் போட்டுவிட வேண்டும் என்று மாமியை நச்சரித்தது நான்தான்.

"மார்கழி வேண்டாம்," என்றார் மாமி. "கார்த்தால எழுந்து கோலம், கோவில்னு அவாவாளுக்கு அவாவா பாடு. புதுசா எதையும் ஆரம்பிக்கவும் கூடாது. அடிச்சுடு."

அடித்தேன்.

"ஆடியில எவனாவது பணம் கேப்பானா? அடி."

அடித்தேன்.

கூட்டத்துக்கு வந்திருந்த தீதி எட்டிப் பார்த்தார். எங்கள் தமிழ் அவருக்குப் புரியாது. ஆனால் மாதங்கள் சாகிற சத்தம் எல்லா மொழியிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. தங்கள் பக்கத்திலும் ஆகாத மாதங்கள் உண்டு என்று அவர் ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொன்னார். சோய்த்ரோ ஆகாது, பாத்ரோ ஆகாது; பங்குனியும் ஆவணியும் போயின. பூஜைக்கு முந்தைய மாதம் யார் வீட்டு மணியையும் அடிக்கமுடியாது. பேட்டைக் கிளப் பையன்கள் பூஜைப் பந்தல் சந்தா ரசீதோடு எல்லா வாசலிலும் நிற்பார்கள். மே மாதம் நாங்களே இருக்கமாட்டோம். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதும் ஹவுராவில் ரயில் ஏறிவிடுவோம். கடைசி மினிபஸ் போய்விடும் என்று தீதி கிளம்பிப் போனார். வெள்ளைத்தாளில் ஆறு சிவப்புக் கோடுகள்.

கூட்டத்தில் ஒரு திருநெல்வேலிக்கார அக்கா இருந்தார். கணவர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில். வாயைத் திறந்தால் சபை கலையும். அவர் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் மாமி, ஆடியிலயும் ஆவணியிலயும் அந்தப் பிள்ளைகளுக்குப் பசிக்காதோ?"

"பசிக்கும்டீ. நன்னாப் பசிக்கும். அதனாலதான் மழைக்கு முன்னாடி ஒரே அடியாச் சேத்துடணும்ங்கறேன். ஜூன்ல ஒரு சாப்பாடு போடுவோம். இலைச் சாப்பாடு. அக்கம்பக்கத்து பெங்காலிக்காராளையெல்லாம் கூப்பிடுவோம்."

சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரை மாமியே எடுத்து, ராகுகாலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் பார்த்துத் தேதியையும் குறித்தார். "ஞாயித்துக்கிழமையும் சஷ்டியும் சேர்ந்து வரது பாரு. வைகாசி, வளர்பிறை. இதைவிட என்ன வேணும்? முருகன் பாத்துப்பன்."

நான் என் பங்குக்கு மத்திய அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்தேன். அந்த வாரத்தில் ஒன்றுமில்லை. அங்கே இருந்த எங்கள் எல்லோருக்கும் வங்காளத்தைத் தெரிந்தது அந்தப் பட்டியல் வழியாகத்தான். பட்டியலில் இல்லாத எதுவும் எங்களைப் பொறுத்தவரை வங்காளத்தில் நடக்கவில்லை. இருபது ஆண்டு இருந்தவர்களுக்கும் அப்படித்தான்.

சிவப்புப் பென்சிலாலேயே அந்த ஞாயிறைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

இன்னொரு முடிவும் அன்றே எடுத்தோம். டிக்கெட் கிடையாது, ரசீது கிடையாது. கிளப் பையன்கள் தொகையை அவர்களே ரசீதில் எழுதிக்கொண்டு வந்து நீட்டுவது மாமிக்கு ஆகவே ஆகாது. "நாம அப்படி இல்லை. வந்து சாப்பிடட்டும். கை அலம்பிண்டு வரச்சே வாசல்ல ஒரு பெட்டி இருக்கும். மனசு நிறைஞ்சிருந்தா போடட்டும்." எங்களுக்கெல்லாம் அதில் ஒரு பெருமை இருந்தது. சோறு போட்ட பிறகு கேட்பதுதான் மரியாதை என்ற பெருமை. அதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

அழைப்பிதழ் நான் எழுதினேன். ரயில் பாதையில் இறங்கும் மழை, தாழ்ப்பாள் போட்ட கதவுகள், பாயில் வரிசையாய்த் தூங்கும் முப்பது மூச்சுகள் என்று இரண்டு பக்கம். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "நன்னா இருக்கும்மா. கண்ல தண்ணி வரது. ஆனா சாம்பார்னு ஒரு வார்த்தை எங்கேயும் வரலையே?" கடைசியில் அழைப்பிதழில் நாலு வரிதான் மிஞ்சியது. அதில் மூன்று, சாப்பாட்டைப் பற்றியது.

மே மாதம் ஊருக்குப் போய் மாம்பழமும் அப்பளமும் சுமந்து திரும்பியதும் வீடு வீடாக ஏறினோம். ஜாதவ்பூர், டாலிகஞ்ச், லேக் மார்க்கெட் என்று மாடிப்படிகள், மாடிப்படிகள். பச்சை அடித்த கதவுகள், அழைப்பு மணிகள், உள்ளே மீன் பொரியும் வாசனை, ஹார்மோனியம் பழகும் ஒரு பெண்குரல். எல்லோரும் உட்காரவைத்தார்கள். எல்லோரும் டீ கொடுத்தார்கள். "தென்னிந்தியச் சாப்பாடா? தோசை உண்டா?" என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை, இலைச் சாப்பாடு என்றதும் ஒரு நொடி வாடி, பிறகு மலர்ந்து, "நிஷ்சொய் ஆஷ்போ," நிச்சயம் வருவோம், என்றார்கள். அந்த ஊரின் அந்த நிஷ்சொய் இருக்கிறதே, அதை நம்பி எதை வேண்டுமானாலும் சமைக்கலாம் என்று தோன்றும்.

நூற்றைம்பது பேருக்குச் சமைத்தோம்.

வாடகை மண்டபத்தின் பின்கட்டில் விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டியாயிற்று. மாமிக்கு சஷ்டி விரதம். வாயில் ஒரு பருக்கை போடமாட்டார். ருசி பார்க்காமலே, வாசனையை மட்டும் வைத்துச் சமைத்தார். ரசம் கொதித்து நுரைத்தபோது திருநெல்வேலி அக்கா ஒரு கரண்டி வாங்கி ஊதிக் குடித்துவிட்டு, "மாமி, மிளகு தூக்கலா இருக்கு. காது வழியா புகை வருது," என்றார். "இருக்கட்டும், ஒண்ணும் ஆகாது," என்றார் மாமி.

பதினொன்றரை. பன்னிரண்டு. பன்னிரண்டரை. எங்கள் தமிழ்க் குடும்பங்கள் முப்பது நாற்பது பேர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், வழக்கம்போல ஊர்க்கதை பேசினார்கள், பெட்டியில் போட்டார்கள், போனார்கள். அவர்கள் போடுவது எப்போதும் உள்ளதுதான். அதில் ஷெட் வாடகையே கட்டமுடியாது. நூறு இலைகள் விரித்தபடி கிடந்தன. மின்விசிறி காற்றில் இலைகளின் நுனி தூக்கித் தூக்கி விழுந்தது, யாரையோ கூப்பிடுவதுபோல. நான் வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என்னால் எப்போதும் ஒரு இடத்தில் நிற்க முடிவதில்லை. அன்று கால் தரையிலேயே பாவவில்லை.

ஒரு மணிக்கு ஒரே ஒரு வங்காளி வந்தார். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பெரியவர், ஓய்வுபெற்ற பேராசிரியர். வெளுத்த வேட்டி, கையில் குடை. நூறு இலைக்கு நடுவில் போய் உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மா," என்றார் மெதுவாக. "இன்று ஜாமாய் ஷஷ்டி. உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

மருமகன்களுக்கான நாள். ஊரில் உள்ள மாமியார்கள் எல்லோரும் மகளையும் மருமகனையும் வீட்டுக்கு அழைத்து, கையில் மஞ்சள் நூல் கட்டி, பனையோலை விசிறியால் விசிறி, இலிஷ் மீனும் ஆட்டுக்கறியும் லிச்சியும் சந்தேஷ் இனிப்புமாக எழுந்திருக்கவிடாமல் ஊட்டும் நாள். ஒவ்வொரு வங்காளி வீட்டிலும் ஒன்று, மருமகன் வந்திருப்பான், அல்லது வீட்டுக்காரர் மருமகனாகப் போயிருப்பார். அன்றைக்குப் பார்த்து, வெங்காயம்கூடப் போடாத சாப்பாட்டுக்கு, கொல்கத்தாவை நாங்கள் அழைத்திருக்கிறோம். எங்களுக்கு முருகனுடைய அதே சஷ்டிதான். பஞ்சாங்கத்தில் ஒரே நாள், ஒரே திதி. இருவரும் வேறு வேறு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என் மருமகன்கள் இருவரும் வெளிநாட்டில்," என்றார் பெரியவர், தன் வருகைக்கு மன்னிப்புக் கேட்பதுபோல. இரண்டு முறை பாயசம் வாங்கிக்கொண்டார்.

அவசரமாக ஓடிவந்த தீதியின் மேல் மாமி பாய்ந்தார். "உன்னிடம் தேதியைச் சொன்னேனே! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" இந்தியில்தான், ஆனால் கோபம் சுத்தத் தஞ்சாவூர்.

தீதி நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஜூனில் ஒரு ஞாயிறு என்றீர்கள். எனக்கு மாமியாரும் இல்லை, மருமகனும் இல்லை. இந்த நாள் எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

மாமி ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் துடைத்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு.

இரண்டரை மணிக்கு என் வீட்டு வேலைக்காரப் பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. அன்று அவளுக்கு நாலு வீட்டில் மீன் நறுக்கும் வேலை. கையெல்லாம் செதில் மின்னியது. குழந்தையின் மணிக்கட்டில் புதிதாய் ஒரு மஞ்சள் நூல். சஷ்டி அங்கே குழந்தைகளைக் காக்கும் தாய் தெய்வமும்கூட என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மண்டபத்தின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தவள், முதலில் சிரித்துவிட்டாள்.

"ஐயோ பௌதி, இன்னைக்கா வச்சீங்க?"

பிறகு இலைகளைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அவளுக்கு யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. குழந்தையை இடுப்பில் ஒருமுறை மேலே ஏற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். அந்த அசைவை என்னால் பார்க்கமுடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "அது என்ன, அந்தப் பெரிய அண்டாவில?"

"ரசம்."

"போன வருஷம் எனக்கு வயிறு சரியில்லாதப்போ கொடுத்தீங்களே, காரமா, புளிப்பா? அதா?"

"அதேதான்."

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?" அவள் குரல் மாறிவிட்டது. "நாலு வீட்டுலயும் பார்த்துட்டுத்தானே வரேன். மருமகன்கள் எல்லாம் தின்னுட்டு மலைப்பாம்பு மாதிரி கிடக்கறாங்க. நாலரைக்கு எந்திரிப்பாங்க. எந்திரிச்சதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஓம்போல், ஓம்போல்னு கத்துவாங்க. மாமியார்கள் சோடாவுக்கும் மாத்திரைக்கும் ஓடுவாங்க. இதைக் கொண்டுபோய்க் கொடுங்க. எந்த வீட்டுல எத்தனை மருமகன்னு நான் சொல்றேன்."

ஓம்போல் என்பது புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், கொல்கத்தாவின் உள்ளூர் விதி. அந்த ஊரில் மழையைப் பற்றிப் பேசாதவர் இருக்கலாம். ஓம்போலைப் பற்றிப் பேசாதவரை நான் சந்தித்ததில்லை.

மாமிக்கு மொழிபெயர்த்தேன். அவர் நாற்காலியில் இருந்தபடியே என்னைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். "மிளகு தூக்கலா இருக்குன்னாளே," என்றார் மெதுவாக. பிறகு எழுந்தார். "பிளாஸ்க் எத்தனை இருக்கு நம்மகிட்ட?"

பதினாலு பிளாஸ்க் சேர்ந்தது. தூக்குகள், மூடி போட்ட பாத்திரங்கள், ஒரு கூடை நிறைய எவர்சில்வர் தம்ளர்கள். நாலரை மணி வெயிலில் நாலு குழுவாகப் பிரிந்து கிளம்பினோம். என்னோடு மாமியும், அவளும், அவள் இடுப்பில் குழந்தையும். முதல் கதவைத் திறந்த மாமியார் கையில் இன்னும் விசிறி இருந்தது. எங்களைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சீ சீ, வருகிறோம் என்று சொன்னோமே! ஜாமாய் வந்துவிட்டான், என்ன செய்வேன்..."

"ஜாமாய் எங்கே?" என்றார் மாமி இந்தியில், வைத்தியர் தோரணையில்.

பட்டு ஜிப்பாவின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, சோபாவில் பாதிப் படுத்த நிலையில் ஒரு இளைஞன். வங்கி வேலையாம். மாமி ஒரு தம்ளரில் ஆவி பறக்க ஊற்றி நீட்டினார். அவன் மாமியாரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், தப்ப வழியில்லை என்று தெரிந்து ஒரு வாய் குடித்தான். கண்ணில் நீர் வந்தது. மறுபடி ஒரு வாய். பிறகு அந்த அறையில் இருந்த எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரு நீண்ட, நிம்மதியான ஏப்பம்.

"பாஹ்!" என்றான் மாமியிடம். "மாஷிமா, இன்னும் கொஞ்சம்."

வீடே சிரித்தது. மாமனார் தனக்கு ஒரு தம்ளர் கேட்டார். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது காப்பகத்தைப் பற்றி நான் ஆரம்பித்தேன். மழை, ரயில் பாதை என்று என் இரண்டு பக்கமும் நாக்கில் வந்து நின்றது. அதற்குள் அவள் குறுக்கிட்டு, இடுப்பிலிருந்த குழந்தையைக் காட்டி, ஒரே வரியில் சொன்னாள். "இது அங்கதான் இருக்கும். மூடிட்டா, பூட்டின ரூம்ல இருக்கும்."

மாமியார் விசிறியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஏழு மணிவரை ஏறி இறங்கினோம். பல வீடுகளில் மருமகன்களே கொடுத்தார்கள். மாமியார்முன் கஞ்சன் என்று பேர் வாங்க எந்த மருமகனும் விரும்புவானா? "ஜாமாயின் வயிறும் நெறஞ்சிருக்கு, மானமும் நெறஞ்சிருக்கு. இதுதான் நேரம்," என்று அவள் படிக்கட்டில் என் காதில் சொன்னாள். கடைசிப் பிளாஸ்க் தீர்ந்த இடத்தில், டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில், நாங்கள் மூவரும் நடைபாதையில் உட்கார்ந்து சத்தம்போட்டுச் சிரித்தோம். விரதக்கார மாமி, அவள் மீன் செதில் ஒட்டிய கையால் நீட்டிய மண் குவளை டீயை வாங்கிக் குடித்துவிட்டார். நான் பார்க்காததுபோல ஒரு ஆட்டோவைப் பார்த்தேன்.

பிறகு பத்தாண்டுக்கும் மேல் அந்த மாலை எங்கள் வெள்ளைத்தாளில் இருந்தது. எங்கள் பஞ்சாங்கத்தின் பக்கத்தில் வங்காளிகளின் பஞ்சாங்கமான பாஞ்சியும் வந்து உட்கார்ந்தது. இரண்டையும் விரித்துவைத்து ஒவ்வொரு ஜனவரியும் ஆண்டைத் தைத்தோம். சரஸ்வதி பூஜைக்குப் பழைய புத்தகங்கள். விஜயா தசமி கழிந்து எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொள்ளும் வாரத்தில் வீடு வீடாக ஒரு நடை. அப்போது கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். குளிருக்குப் போர்வை. ஜாமாய் ஷஷ்டிக்கு ரசம். சில வீடுகளில் காலையிலேயே போன் செய்து கேட்பார்கள்: "இந்த வருடம் மூன்று ஜாமாய். பெரிய பிளாஸ்க்காகக் கொண்டுவாருங்கள்." இரண்டாயிரங்களில் கட்டடங்கள் உயர்ந்தன, வாசலில் காவலாளியும் கையெழுத்துப் புத்தகமும் வந்தன, மருமகன்களை ஹோட்டலுக்கு அழைத்துப்போகத் தொடங்கினார்கள். எங்களுக்கும் மாற்றல் வந்தது. ஒவ்வொருவராக ஹவுராவில் ரயில் ஏறினோம், இம்முறை திரும்பாமல். இப்போது நான் இருக்கும் ஊரில் மழை வந்தால் நல்ல மழை என்று சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அப்படி உடனே சந்தோஷப்பட வருவதில்லை.

அந்த முதல் ஆண்டின் மழைக்கு வருகிறேன்.

ஷ்ராபோன் முழுவதும், அதாவது எங்கள் ஆடி முழுவதும், காப்பகம் திறந்திருந்தது. ஒருநாள் வானம் பிளந்து கொட்டியது. என்னால் வீட்டில் இருக்கமுடியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அந்தச் சந்துக்குள் நடந்தேன். ஷெட்டின் படி உயரம், தண்ணீர் ஏறவில்லை. உள்ளே பாயில் முப்பது பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மகள் ஓரத்தில், வாயைத் திறந்தபடி, கையில் எதையும் பிடிக்காமல் தூங்கியது. தீதி உதட்டில் விரல் வைத்தார். நான் நனைந்த புடவையோடு அப்படியே திரும்பி நடந்தேன்.

ஆனால் பாத்ரோவில், அதாவது ஆவணியில், பதினோரு நாளுக்குப் பணம் பற்றவில்லை. தீதி வந்து சொன்னார். அரிசி முடிந்தது, சமைக்கிறவளுக்குக் கொடுக்கவும் இல்லை. பூஜைக்கு முன் வருவதாகச் சொன்ன ஒரு நன்கொடை வந்ததும் திறப்பேன், அதுவரை பதினோரு நாள். ஆறு வாரம் பதினோரு நாளானது வெற்றிதான். மறுநாள் காலை மணி அடித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வாசலில் அவள், குழந்தையோடு. மூட மாட்டோம்னு சொன்னீங்களே என்று அவள் கேட்கவில்லை. நான் கதவை அகலமாகத் திறந்தேன். குழந்தை உள்ளே வந்து, நடு ஹாலில் நின்று, கட்டில் எங்கே என்று தேடியது.

"வேண்டாம். கீழேயே உக்காரு," என்றேன்.

அன்றே மாமிக்கும் திருநெல்வேலி அக்காவுக்கும் போன் செய்தேன். மறுநாளிலிருந்து முப்பது பேரையும் எங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டோம். எனக்கு ஆறு. திருநெல்வேலி அக்காவுக்கு ஒன்பது; "எட்டுப் பேரு கேட்டேன், ஒண்ணு தானா வந்து ஏறிக்கிட்டு," என்றார். மற்றவர்கள் இரண்டிரண்டாய். லேக் மார்க்கெட் பக்கம் வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகள் ஏழு பேர் மாமி வீட்டுக்கு. சமையலறை வாசலைத் தாண்ட எங்களுக்கே அனுமதி இல்லாத வீடு அது. மூன்றாம் நாள் போன் செய்தபோது பின்னணியில் ஒரே கூச்சல்.

"மடியாவது ஒண்ணாவது," என்றார் மாமி. "ஊஞ்சலைவிட்டு இறங்கமாட்டேங்கறதுகள். தயிர் சாதத்தை முட்டைன்னு சொல்லி ஊட்டிண்டிருக்கேன். நீ போனை வை."

என் வீட்டில் ஆறு பேரும் வங்காளியில் சண்டை போட்டு, தமிழில் சமாதானம் ஆனார்கள். பகல் முழுதும் ஒரே இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் யாராவது தூங்கிக்கொண்டிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. பதினோரு நாளும் ஒரு வரி எழுதவில்லை. ஒரு வரி எழுதவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பதினோராம் நாள் மாலை தீதி செய்தி அனுப்பினார், நாளை திறக்கிறது. மாமி போனில் வந்தார்.

"தொறக்கறாளாமே?"

"ஆமாம் மாமி."

"நல்லது. ரொம்ப நல்லது." பின்னணியில் ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டது. "இந்த ரெட்டைக் குழந்தைகள் இருக்கே, இதுகள் ரெண்டும் வேணா நாளைக்கும் இங்கேயே இருக்கட்டுமே. என்ன இப்போ?"

"மாமி."

"சரி சரி. தெரியும். அதுக்குத்தானே இவ்வளவு அலைஞ்சோம்." ஆனாலும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

மறுநாள் காலை அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நானே குழந்தையை அழைத்துப்போனேன். சந்தில் தண்ணீர் வடிந்து சேறு காய்ந்திருந்தது. தூரத்திலேயே ஷெட்டின் கதவு திறந்திருப்பது தெரிந்தது. உள்ளிருந்து பருப்பு தாளிக்கும் வாசனை. குழந்தை என் விரலை விட்டுவிட்டு ஓடியது. வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு என்ன அவசியம்? திறந்திருந்தது, போயிற்று.

எனக்குத்தான் அந்தச் சந்தைவிட்டு வெளியே வரக் கொஞ்ச நேரமாயிற்று.